பறவை எதையும் வாங்கிக்கொண்டு போகவில்லை

மார்கழியிலும் தையிலும் நம் வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். காலையில் கூண்டின் துணியை விலக்குகிறார்கள். அடித்தட்டில் லவ் பேர்ட்ஸ் ஒன்று விறைத்துக் கிடக்கிறது. குழந்தை அழுகிறது. வீட்டுப் பெரியவர் ஒருவர் தேற்றுகிறார்: "அழாதடா கண்ணு. நமக்கு வர இருந்த கெடுதலை அது வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு. இனிமே நமக்கு நல்லதுதான்." குழந்தை கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. அடுத்த சந்தையில் இன்னொரு ஜோடி வாங்கியாகிறது.

இதை ஆறுதல் என்று நினைக்கிறோம். தமிழ் வீடுகளில் புழங்கும் மிகக் கொடுமையான பேச்சுகளில் ஒன்றாகவே எனக்கு இது படுகிறது. ஓர் உயிர் நம் பொறுப்பில், நாம் பூட்டிய கதவுக்குள், நாம் தேர்ந்தெடுத்த மூலையில் இறந்திருக்கிறது. அந்தச் சாவுக்கு ஒரு காரணம் இருந்தே தீர வேண்டும். பெரும்பாலும் அது நம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். அதைத் தேடவிடாமல் இந்தப் பேச்சு நம்மைத் தடுத்துவிடுகிறது. இறந்ததைத் தியாகியாக்கி, அந்தத் தியாகத்தின் பலனையும் நமக்கே சேர்த்துக்கொள்கிறது. வாஸ்து மீன் செத்து மிதந்தாலும் இதே கதைதான். வாய் திறந்து மறுக்க முடியாத உயிர்களின் சாவை மட்டுமே இப்படி விளக்க முடியும்.

"பனி தாங்கலைங்க" என்று சொல்பவர்கள் இவர்களைவிட மேல். அவர்கள் ஒரு காரணத்தையாவது சொல்கிறார்கள். ஆனால் அந்தக் காரணத்தையும் நாம் உரசிப் பார்க்க வேண்டும். லவ் பேர்ட்ஸ் என்று நாம் வாங்கிவருவது பெரும்பாலும் பட்ஜெரிகர். ஆஸ்திரேலியாவின் நடுவே பரந்து கிடக்கும் வறண்ட நிலம்தான் அதன் தாய்மண். 1840இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். உலகத்துக் கூண்டுகளுக்குள் அது பரவியது அதற்குப் பிறகுதான். அந்த வறண்ட நிலத்தில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் ஜூலை மாத இரவுகள் சராசரியாக 4 டிகிரி செல்சியஸுக்கு இறங்குகின்றன. சில இரவுகளில் உறைபனியே விழும். 30, 40 கிராம் எடையுள்ள இந்தப் பறவை அந்த இரவுகளைக் கடந்து பெருங்கூட்டங்களாகப் பறந்து திரிகிறது. நம் ஊர்ப் பச்சைக்கிளியோ கூண்டிலிருந்து தப்பியும், திறந்துவிடப்பட்டும் லண்டன் மாநகரில் ஆயிரக்கணக்கில் பெருகி, பனி விழும் பூங்காக்களில் குஞ்சு பொரித்து வாழ்கிறது.

சென்னையின் மார்கழி இரவு பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். உறைபனியில் பிழைக்கும் இனம் 20 டிகிரியில் சாகிறதென்றால், பனியைக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் வேறு யாரையாவது விசாரிக்க வேண்டாமா?

பறவையின் உடல் எப்போதும் ஏறத்தாழ 41 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். இவ்வளவு சிறிய உடல் சூட்டை வேகமாக இழக்கும். ஈடுகட்டுவதற்கு அதனிடம் வழிகள் இருக்கின்றன. இறகைச் சிலிர்த்து உப்பிக்கொள்ளும். இறகுகளுக்கிடையே சிக்கும் காற்று, இலவம்பஞ்சு மெத்தைக்குள் இருக்கும் காற்றைப்போலச் சூட்டை வெளியே விடாது. ஒரு காலை மடித்து வயிற்று இறகுக்குள் செருகிக்கொள்ளும். அலகை முதுகு இறகில் புதைத்துக்கொள்ளும். மார்புத் தசையை நடுங்கவிட்டுச் சூடு உண்டாக்கும். இவை கூண்டுக்குள்ளும் அதனிடம் இருக்கின்றன. இவற்றோடு இன்னும் சில வேண்டும்: பொழுது சாயுமுன் வயிறு நிறைய மேய்வது, காற்று அடிக்காத பக்கத்துக் கிளையைத் தேடுவது, கூட்டத்தோடு அடைவது, விடிந்ததும் முதல் வெயில் விழும் இடத்துக்குப் பறப்பது, புகை வந்தால் விலகிப் போவது. இவ்வளவையும் நாம் எடுத்துக்கொண்டோம். எடுத்துக்கொண்டவர்கள்தான் இனி அதற்காகக் காற்றின் திசையைப் பார்க்க வேண்டும், வெயிலைத் தேட வேண்டும், புகையை முகர வேண்டும். இது கருணை காட்டும் விஷயம் அல்ல. நாம் பட்டிருக்கும் கடன்.

கூண்டு எங்கே தொங்குகிறது என்பதிலிருந்தே விசாரணையைத் தொடங்கலாம். நம் அடுக்குமாடி வீடுகளில் பறவைக்கு ஒதுக்கப்படும் இடம் பால்கனி. அங்கே இரவெல்லாம் காற்று ஒரு பக்கமிருந்து அடிக்கும். விடியற்காலையில் பனி இறங்கி இறகை நனைக்கும். நனைந்த இறகுக்குள் காற்று தங்காது, சூடும் தங்காது. நாற்புறமும் கம்பி என்பதால் ஒதுங்க இடமே இல்லை. கூண்டைப் பொழுது சாயும்போது வீட்டுக்குள் கொண்டுவந்து, உள்சுவரை ஒட்டி, நெஞ்சு உயரத்தில் வைத்து, மூன்று பக்கம் பருத்தித் துணி போர்த்தி, முன்பக்கத்தைக் கொஞ்சம் திறந்துவிட்டால் சமவெளி ஊர்களில் பெரும்பாலும் அதுவே போதும். பலர் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிடுகிறார்கள். மூச்சின் ஈரமும் எச்சத்திலிருந்து எழும் அம்மோனியாவும் உள்ளேயே தேங்க, பறவை காலையில் மூக்கு ஒழுக உட்கார்ந்திருக்கும்.

சூட்டுக்கு என்று கூண்டின் மேல் ஒரு விளக்கைத் தொங்கவிடுவார்கள். கோழிக்குஞ்சுக்குக் குண்டு பல்பு போட்ட காலத்து வழக்கம் அது. இன்று அந்த இடத்தில் எல்இடி எரிகிறது. எல்இடி தரும் சூடு கூண்டுக்கு எட்டாது. வெளிச்சம் மட்டும் எட்டும், பத்துப் பன்னிரண்டு மணி நேர இருட்டு தேவைப்படும் பறவையின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலையூர்களில் சூடு உண்மையிலேயே தேவை. வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் பீங்கான் ஹீட்டரைக் கூண்டுக்கு வெளியே, ஒரு பக்கத்தில் மட்டும், ஒயர் அலகுக்கு எட்டாதபடி வைக்கலாம். ஒரு பக்கம் மட்டும் என்பது முக்கியம். சூடு போதுமென்றால் பறவை மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். நாம் பறித்த தேர்வுகளில் ஒன்றையாவது திருப்பித் தருகிறோம்.

நான் அதிகம் பேச வேண்டியது புகையைப் பற்றி.

மலையூர்களில் குளிருக்குக் கணப்பு மூட்டுவார்கள். கதவு சன்னலை அடைத்துவிட்டு அறைக்குள் கரியை எரியவிட்டுத் தூங்கிய மனிதர்களே கார்பன் மோனாக்சைடு தாக்கி இறந்திருக்கிறார்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. பறவைக்கு இந்த ஆபத்து இன்னும் பெரிது. நமக்குக் காற்று நுரையீரலுக்குள் போய், போன வழியே திரும்புகிறது. பறவைக்கு நுரையீரலோடு சேர்த்துக் காற்றுப்பைகள் உண்டு. அவை துருத்தி வேலை செய்ய, நுரையீரலுக்குள் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் அதன் இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும். இறக்கை அடித்துப் பறக்கும் உயிருக்கு அந்த ஏற்பாடு தேவை. அதே வேகத்தில் நஞ்சும் ஏறும் என்பதுதான் அதன் விலை.

இதை முதலில் பயன்படுத்திக்கொண்டவர்கள் நிலக்கரிச் சுரங்கக்காரர்கள். 1890களில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து உடலியல் அறிஞர் சுரங்க வெடிப்புகளில் இறந்தவர்களை ஆராய்ந்தார். பலரைக் கொன்றது வெடிப்பல்ல, அதற்குப் பின் சூழ்ந்த கார்பன் மோனாக்சைடு என்று கண்டார். சிறிய உயிர் ஒன்றை உடன் கொண்டுபோனால் மனிதருக்கு முன்பே அது காட்டிக்கொடுத்துவிடும் என்று பரிந்துரைத்தார். கேனரிப் பறவைகள் கூண்டோடு சுரங்கத்துக்குள் இறங்கின. பிரிட்டனில் 1986இல் மின்கருவிகள் அந்த வேலைக்கு வரும்வரை இது நீடித்தது. கேனரி கம்பியிலிருந்து சாய்ந்தால் தொழிலாளர்கள் உடனே வெளியேறினார்கள். மயங்கிய பறவைக்கு ஆக்சிஜன் செலுத்திப் பிழைக்கவைக்கும் கூண்டுகள்கூட இருந்தன. அந்தத் தொழிலாளி சாய்ந்த பறவையைப் பார்த்து, "எனக்கு வர இருந்ததை அது வாங்கிக்கொண்டது, இனி நல்லதுதான்" என்று அங்கேயே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த சில நிமிடங்களில் அவரும் சாய்ந்திருப்பார். கூண்டில் ஒரு பறவை விழுந்தால் அந்த அறையின் காற்றைச் சோதிப்பதுதான் அறிவுள்ளவர் செய்யும் முதல் வேலை. நாம் கூண்டைக் கழுவிவிட்டுக் கற்பூரம் ஏற்றுகிறோம்.

சளி பிடிக்காமல் இருக்க, கண்ணேறு கழிய, பூச்சி போக என்று குளிர்காலத்தில்தான் சாம்பிராணி அதிகம் புகைகிறது. கதவடைத்த அறையில் இரவெல்லாம் கொசுவர்த்தி எரிகிறது. கைக்குழந்தையின் தலைக்குப் போடும் சாம்பிராணியையே குழந்தை மருத்துவர்கள் வேண்டாமென்று சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். பறவைக்காகப் பேச யாருமில்லை. பிறகு போகி வருகிறது. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாத அளவுக்குப் புகை மண்டி, விமானங்கள் தாமதமாகின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அத்தனை பெரிய இயந்திரம் திரும்பிப் போகலாம். பால்கனிக் கூண்டில் இருப்பது எங்கே போகும்? மறுநாள் அது இறந்தால், "பொங்கலுக்கு முன்னாடி பீடை கழிஞ்சது" என்கிறார்கள். டயரைக் கொளுத்திய கை யாருடையது என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

சமையலறை வெதுவெதுப்பாக இருக்கும் என்று கூண்டை அங்கே மாட்டுபவர்களும் உண்டு. நான்ஸ்டிக் தவாவை வெறுமனே அடுப்பில் விட்டு மறந்தால், அதன் பூச்சிலிருந்து கிளம்பும் ஆவி அதே வீட்டிலுள்ள பறவைகளைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். நமக்கு லேசான இருமலோடு போய்விடலாம், அல்லது எதுவுமே தெரியாமலும் போகலாம்.

தீனியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளிரில் சூடு உண்டாக்க எரிபொருள் வேண்டும். அதனால் தினையோ கம்போ மாலையில் தாராளமாக இருக்கட்டும். ஆனால் ஆண்டு முழுக்கத் தினை மட்டுமே தின்னும் பறவைக்கு வைட்டமின் ஏ குறைந்து, மூக்கு, தொண்டைச் சவ்வுகள் நலிந்து, தொற்று எளிதில் நுழையும். அப்படி நலிந்த பறவையைத்தான் மார்கழி சாய்க்கிறது. முருங்கைக்கீரையும் கேரட்டும் எந்தத் தெருவில் கிடைக்காது? வெங்காயமும் பூண்டும் நமக்கு மருந்து என்பதால் அவற்றையும் திணிக்கிறார்கள். வெங்காயம் பறவையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். காலை வெயில் கண்ணாடி வழியாக வந்தால் பயனில்லை, வைட்டமின் டி உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். சன்னலைத் திறந்து அரை மணி நேரம் காட்டுங்கள், ஒதுங்க ஒரு நிழல் மூலையும் விட்டு.

இன்னொரு சாவு இருக்கிறது, அது பெட்டைகளுக்கு நேர்வது. குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று கூண்டுக்குள் மண்பானை கட்டுகிறார்கள். பானையைக் கண்டால் பட்ஜெரிகர் முட்டையிடத் தொடங்கும். கால்சியம் குறைந்த பெட்டைக்குக் குளிரில் முட்டை வெளிவராமல் சிக்கிக்கொள்ளும். வயிறு உப்பி, வால் துடிக்க, தரையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் முக்கிச் சாகும். கூண்டில் ஒரு கடல் நுரைத் துண்டைச் செருகுவதும், குளிர்காலத்தில் பானையை எடுத்துவிடுவதும் பல பெட்டைகளைக் காப்பாற்றிவிடும். நம் நாக்கு சொல்வதோ, "தலைச்சன் முட்டை, திருஷ்டி பட்டுடுச்சு."

திருஷ்டி என்று சொன்னவுடன் நேரம் போய்விடுகிறது. அங்கேதான் நான் மூடநம்பிக்கையைக் கொலைக் கருவி என்கிறேன். பறவை தன் நோயை மறைக்கும். கூட்டத்தில் நலிந்ததாகத் தெரிந்தால் வல்லூறு தன்னைத்தான் குறிவைக்கும் என்பது அதன் உடம்பில் ஊறிய எச்சரிக்கை. ஆகவே அது பகலிலும் இறகை உப்பிக்கொண்டு, இரண்டு காலையும் ஊன்றித் தூங்கி, மூச்சுக்கு மூச்சு வால் ஆட, சத்தமில்லாமல் இருப்பது நம் கண்ணில் படும்போதே நோய் முற்றியிருக்கும். அப்போது மிச்சமிருப்பது சில மணி நேரம். கூண்டின் ஒரு பகுதியை 30 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, தண்ணீரையும் தீனியையும் அலகருகே வைத்து, கால்நடை மருத்துவரிடம் கிளம்ப வேண்டிய நேரம் அது. அந்த நேரத்தில் எலுமிச்சம்பழம் சுற்றுகிறார்கள், கூண்டில் கறுப்புக் கயிறு கட்டுகிறார்கள், அலகைப் பிளந்து பிராந்தி விடுகிறார்கள்.

"துக்கத்தில் ஒரு வார்த்தை சொல்கிறோம், அதற்கு இவ்வளவு பேச்சா?" என்று கேட்பீர்கள். இந்த நாட்டில் பெரியம்மை வந்த குழந்தையைப் பார்த்து, "அம்மா விளையாடுறா" என்று சொல்லி வேப்பிலை வைத்துக் காத்திருந்தோம். அதுவும் ஆறுதல் வார்த்தைதான். அம்மன் கோபம் தணிந்து பெரியம்மை போகவில்லை. காரணத்தைத் தேடியவர்கள் கண்ட தடுப்பூசியால் போனது. இந்தியாவில் கடைசி நோயாளி 1975இல் பதிவானார். 1980இல் உலகிலிருந்தே அது ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆறுதல் கிடைத்துவிட்ட இடத்தில் யாரும் காரணத்தைத் தேடுவதில்லை. அழும் குழந்தையிடம் உண்மையான ஆறுதலாக ஒன்றைச் சொல்லலாம்: "ஏன் செத்ததுன்னு தெரியலை. வா, கண்டுபிடிக்கலாம்." இதைக் கேட்டு வளரும் பிள்ளை நாளைக்கு வீட்டில் ஒரு மனிதருக்கு நோய் வந்தாலும் ஜாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடாது.

புண்ணியத்துக்காகக் கூண்டைத் திறந்துவிடுவோரும் உண்டு. கூண்டிலேயே பிறந்த பட்ஜெரிகருக்கு இங்கே இரை தேடத் தெரியாது, காக்கையிடம் தப்பத் தெரியாது. மார்கழிக் காலையில் அதைப் பறக்கவிடுவது கொலை. பச்சைக்கிளியின் கதை வேறு. அதைக் கூண்டில் வைப்பதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் இருக்கும் கிளியே இலைகளாலும் மாதுளம்பூவாலும் நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுவதுதான். நான் கும்பிடப் போகிறவனல்ல. ஆனால் கோயிலுக்கே உயிருள்ள கிளி தேவைப்படாதபோது நம் வரவேற்பறைக்கு ஏன் தேவைப்படுகிறது என்று பக்தர்களைக் கேட்க விரும்புகிறேன்.

கெடுதலைப் பறவை வாங்கிக்கொள்கிறது என்ற நம்பிக்கையை முற்றிலும் தலைகீழாக்கும் நோய் ஒன்று இருக்கிறது. கிளிக்காய்ச்சல் என்று அதைச் சொல்லலாம். ஒருவகை பாக்டீரியாவால் கிளி இனப் பறவைகளுக்கு வருவது. உலர்ந்த எச்சத்தின் தூசி வழியாக மனிதருக்குத் தொற்றி நிமோனியாவாக முற்றக்கூடியது. 1929, 1930ஆம் ஆண்டுகளில் வணிகத்துக்காகக் கப்பலேறிய கிளிகளோடு பல நாடுகளுக்குப் பரவி மனித உயிர்களைக் குடித்தது. அலைச்சலும் குளிரும் நெரிசலும் பறவையை வாட்டும்போது அதன் உடம்பில் மறைந்திருக்கும் கிருமி தலையெடுக்கும். அப்படி இறந்த பறவை உங்கள் நோயைக் கொண்டுபோகவில்லை. தன் நோயை உங்கள் வீட்டுத் தூசியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. கூண்டைக் கூட்டிய அம்மாவுக்கோ, முத்தம் கொடுத்த குழந்தைக்கோ இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், வீட்டில் பறவை இறந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். "அது வாங்கிக்கொண்டு போய்விட்டது" என்று நம்பும் வீட்டில் அதை யார் நினைவில் வைத்திருந்து சொல்வார்கள்?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஏற்கெனவே பறவை வைத்திருக்கிறீர்கள் என்றால் இன்று மாலையே கூண்டை உள்ளே கொண்டுவாருங்கள், புகையை நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் ஒன்று இறந்துவிட்டால் குழி தோண்டிப் பூ போட்டு மூடிவிடாதீர்கள். வெறும் கையால் தொடாமல், உறை மாட்டிக்கொண்டு, சோப்பு நீரில் இறகை நனைத்து, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, உணவுப் பொருளோடு சேராமல் பனிக்கட்டி வைத்த பெட்டியில் வையுங்கள். உறையவைக்கக் கூடாது, உறைந்தால் திசுக்கள் சிதைந்து காரணம் தெரியாமல் போகும். அன்றே அருகிலுள்ள அரசுக் கால்நடை மருத்துவமனைக்குப் போய், உடற்கூறு ஆய்வு எங்கே செய்வார்கள் என்று கேளுங்கள். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எதனால் இறந்தது என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாளைப் படித்துப் பார்க்கும்வரை இன்னொரு பறவையை வாங்காதீர்கள்.